பால் குறைந்துவிட்டதா? தீவன மூட்டையை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர், ஊருக்கு அனுப்பிய பணத்தில் முதலில் வாங்கியது ஒரு கறவை மாடாகத்தான் இருக்கும். மாட்டைப் பார்த்துக்கொள்வது மனைவியோ அம்மாவோ தம்பியோ. பால் குறைந்தால் மட்டும் போன் இங்கே வரும். இங்கிருந்து போகிற யோசனையும் பெரும்பாலும் ஒன்றுதான்: "புண்ணாக்கைக் கூட்டிப் போடு", இல்லாவிட்டால் "வேற கம்பெனி தீவனம் வாங்கு". இந்த இரண்டாலும் குறைந்த பால் இன்னும் குறைந்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஊரில் மாட்டோடு வளர்ந்து, இங்கே லிம் சூ காங் பக்கம் மாட்டுக் கொட்டகையில் வேலை செய்கிறவன் என்ற முறையில், போனில் சொல்லப்படும் குறையை வைத்தே எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். கொட்டகையில் வேலை செய்பவர்களுக்கும் இதே வரிசை உதவும்.

எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை நாளில் குறைந்தது? ஒரு மாட்டுக்கா, எல்லா மாட்டுக்குமா? ஒரே இரவில் விழுந்தால் தண்ணீர், மடி, காய்ச்சல், கறக்கும் முறை, இவற்றில் ஒன்றாக இருக்கும். பத்துப் பதினைந்து நாளில் இறங்கியிருந்தால் தீவனத்தில் ஏதோ மாறியிருக்கிறது. மாதக்கணக்கில் மெல்ல இறங்கினால் அது பெரும்பாலும் நோயே இல்லை. ஒரு மாட்டுக்கு மட்டும் என்றால் அந்த மாட்டைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் என்றால் தொட்டியையும் கொட்டகையையும் பாருங்கள்.

முடிந்தால் வீடியோவில் பார்த்துவிடுங்கள். ஊரில் மாலை நாலரை மணிக் கறவை நமக்கு இரவு ஏழு மணி. வேலை முடிந்து விடுதிக்கு வந்திருப்பீர்கள். கறப்பதற்கு முன்பே கூப்பிடச் சொல்லி, மாட்டின் இடது பக்கப் பள்ளை (விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம்), சாணி, மடி, வாய் நான்கையும் காட்டச் சொல்லுங்கள்.

"நேத்து நல்லா கறந்துச்சு, இன்னிக்குப் பாதிதாங்க"

முதலில் தண்ணீர். பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான். பத்து லிட்டர் கறக்கும் மாடு ஒரு நாளைக்கு 60 முதல் 80 லிட்டர் வரை குடிக்கும், வெயில் நாளில் அதற்கும் மேலே போகும். நம் ஊரில் காலையும் மாலையும் அவிழ்த்துக் கொண்டுபோய்த் தொட்டியில் காட்டிவிட்டு வருவதுதான் பழக்கம். அது நாட்டு மாட்டுக்குப் போதும், கலப்பின மாட்டுக்குப் போதாது. கட்டிய இடத்திலேயே நாள் முழுக்கத் தண்ணீர் இருந்தால், வேறு எதையும் மாற்றாமலேயே பால் ஏறும் மாடுகள் உண்டு. தண்ணீர் இருக்கிறது என்றாலும் விடாதீர்கள். "கையை விட்டுப் பாரு, சூடா இருக்கா? தொட்டி ஓரம் பாசியா? புளிச்ச வாடை வருதா?" என்று கேளுங்கள். கறுப்புக் குழாயில் நண்பகலில் வரும் தண்ணீர் சுடும், மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். இங்கே கொட்டகையிலும் அதேதான். மதியத்தில் குழாயில் கிடந்த சுடுநீரை ஓடவிட்டுக் கொட்டிவிட்டுத்தான் தொட்டியை நிரப்புவோம்.

அடுத்தது கறவை. மாடு பாலை இறக்குவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோனால். மடியைக் கழுவித் தேய்த்த ஒரு நிமிடத்தில் அது இறங்கும், ஐந்து முதல் எட்டு நிமிடத்துக்குள் அதன் வேகம் தீர்ந்துவிடும். கழுவிவிட்டு வாளி தேடப் போனால் பாதிப் பால் மடியிலேயே நின்றுவிடும். அப்படி நின்ற பால், அடுத்து ஊறும் பாலையும் குறைக்கும். கறக்கும் ஆள் மாறினாரா, கன்று செத்துவிட்டதா, நாய் உள்ளே வந்ததா, யாராவது அடித்தார்களா என்று கேளுங்கள். பயந்த மாடு பாலை அடக்கிக்கொள்ளும். இதற்காகத் தினமும் "பால் ஊசி" போட யாராவது சொன்னால் விடவே விடாதீர்கள். பிறகு அந்த ஊசி இல்லாமல் அந்த மாடு பால் இறக்காது.

தண்ணீரும் கறவையும் சரி என்றால் காதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மூக்கு நுனி காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நின்றால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். மாடு கத்திக்கொண்டே இருந்து, கண்ணாடி போலக் கோழை ஒழுகி, பால் ஒரு நாள் மட்டும் இறங்கினால் அது சினைப்பருவம். பதற்றம் வேண்டாம், கருவூட்டல் ஊசி போடுகிறவரைக் கூப்பிடும் நேரம் அது.

"பால் திரியுது, மடி கல்லாட்டம் இருக்கு"

இது மடிநோய். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணி கட்டிய டம்ளரில் விடச் சொல்லுங்கள். திரிதிரியாகவோ தண்ணீராகவோ ரத்தச் சாயலோடோ இருந்தால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. இந்தச் சோதனையைப் பால் குறைந்த பிறகு செய்வதைவிடத் தினமும் செய்வதுதான் முறை.

வெளியே எதுவும் தெரியாத மடிநோய்தான் அதிக நஷ்டம் தருவது. பால் பார்க்க நன்றாக இருக்கும். கொஞ்சம் உவர்க்கும், இதரச் சத்து (கொழுப்பு நீங்கலாகப் பாலில் இருக்கும் திடப்பொருள்) குறையும், லிட்டர் குறையும், நாம் தீவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மருத்துவரிடம் இருக்கும் சோதனைத் திரவத்தில் பாலைக் கலந்தால் அது சளியாகக் கட்டும். ஒரு நிமிட வேலைதான். கேட்டு வாங்கிச் செய்யச் சொல்லுங்கள்.

தொடக்க நிலையில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய மூலிகைப் பூச்சு கிராமங்களில் பரவலாகப் பயனில் இருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் அரைத்து, பாலைச் சுத்தமாகக் கறந்துவிட்ட மடியில் ஒரு நாளைக்குப் பல முறை பூச வேண்டும். மாட்டுக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் பூச்சை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது, நான்கு காம்பில் ஒன்று நிரந்தரமாகச் செத்துவிடும். ஆன்டிபயாடிக் போட்டால் சொன்ன நாள் முழுக்கப் போட வேண்டும், மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கும் ஊற்றக் கூடாது, வீட்டுக் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது.

கறந்து முடித்து அரை மணி நேரம் வரை காம்புத் துளை திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு ஈரச் சாணியில் படுத்தால் கிருமி நேரே உள்ளே போகும். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கிவிட்டு, முன்னால் கொஞ்சம் பசும்புல்லைப் போட்டால் மாடு நின்று மேயும். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும்.

"பால் இருக்கு, சொசைட்டியில டிகிரி இல்லைங்கிறாங்க"

டிகிரி என்று சொல்வது பாலின் கெட்டித்தன்மையை. இந்தக் குறைக்குத்தான் மிகத் தவறான வைத்தியம் நடக்கிறது. கொழுப்பு இல்லையா, இதரச் சத்து இல்லையா என்று முதலில் பிரித்துக் கேளுங்கள். இந்திய உணவுத் தர விதிப்படி பசும்பாலில் கொழுப்பு 3.2, இதரச் சத்து 8.3 சதவீதம் இருக்க வேண்டும். சீட்டில் இரண்டும் தனித்தனியே இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கொழுப்பு மட்டும் குறைவு என்றால், கன்றுக்குப் பால் எப்போது விடுகிறார்கள் என்று கேளுங்கள். முதலில் பீச்சும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு. கடைசியில் வரும் பாலில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். வாளிக்கு வேண்டியதைக் கறந்துவிட்டுக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டால், கெட்டிப் பால் முழுதும் கன்றுக்குப் போய்விடும், தண்ணீர்ப் பால்தான் சொசைட்டிக்குப் போகும். கன்றுக்கு விட வேண்டியதைத் தொடக்கத்திலோ, ஒரு காம்பைத் தனியாக ஒதுக்கியோ விடலாம். கேனைக் கலக்காமல் மாதிரி எடுத்தாலும் கணக்கு மாறும்.

அதுவும் சரி என்றால் விஷயம் மாட்டின் வயிற்றில் இருக்கிறது. பாலில் ஏறும் கொழுப்பில் பெரும்பங்கு, மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அசெட்டிக் அமிலத்திலிருந்து வருகிறது. நார் வைக்கோலிலும் சோளத்தட்டையிலும் முற்றிய புல்லிலும் இருக்கிறது, மூட்டைத் தீவனத்தில் அவ்வளவு இல்லை. கொழுப்பு குறைகிறதென்று மூட்டைத் தீவனத்தைக் கூட்டினால் மாவுச்சத்து கூடுகிறது, வயிறு புளிக்கிறது, நார் தின்னும் நுண்ணுயிர் சாகிறது, கொழுப்பு இன்னும் இறங்குகிறது. அதனால்தான் முதல் யோசனையே பல வீடுகளில் நோயாக மாறுகிறது.

இதை வீடியோவிலேயே கண்டுபிடிக்கலாம். நிழலில் ஓய்வாகப் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளத்துக்கு 50 முதல் 60 தடவை மெல்லும். அதை எண்ணிப் பாருங்கள், 40-க்குக் கீழே வந்தால் நார் போதவில்லை. மாடு மெல்ல மெல்லத்தான் எச்சில் ஊறும். ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கும் மேல் ஊறும் அந்த எச்சிலில்தான் வயிற்றுப் புளிப்பைத் தணிக்கும் சோடா இருக்கிறது. சாணியைப் பாருங்கள்: நல்ல சாணி விழும்போது வட்டமாக, நடுவில் சிறு குழியோடு நிற்கும். பளபளவென்று இளகி, நுரைத்து, உள்ளே முழுத் தானியம் தெரிந்தால் அது புளித்த வயிறு.

சரிசெய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் வைக்கோல், பிறகு பசும்புல், அதற்குப் பிறகுதான் தீவனம். தீவனத்தை இரண்டு வேளையாக அல்லாமல் நான்கு வேளையாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். வைக்கோலைப் பொடிப்பொடியாக நறுக்க வேண்டாம், விரல் நீளம் இருந்தால்தான் மாடு மெல்லும். எந்தத் தீவன மாற்றத்தையும் இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும், வயிற்று நுண்ணுயிர்கள் புதிய தீனிக்குப் பழக அவ்வளவு காலம் ஆகும்.

இந்த இடத்தில் ரேஷன் அரிசிக் கஞ்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தொட்டி நிறைய வைப்பதும், விலையில்லா அரிசியைக் காய்ச்சி ஊற்றுவதும் பாசத்தால் செய்வதுதான். ஆனால் ஒரே வேளையில் நிறையச் சோறு தின்ற மாடு, மறுநாள் தீனி எடுக்காமல், வயிறு உப்பி, தண்ணீராகக் கழிந்து, சில நேரம் செத்தும் போகும். இங்கேயும் தை மாதத்தில் லிட்டில் இந்தியாவில் பொங்கலுக்கு மாடுகளைக் கொண்டுவந்து கட்டும்போது, பிள்ளைகள் சர்க்கரைப் பொங்கலும் சீப்புச் சீப்பாக வாழைப்பழமும் நீட்டுவார்கள். கும்பிட வேண்டும் என்றால் ஒரு கைப்பிடி புல் கொடுங்கள், மாட்டுக்கு அதுதான் விருந்து. தெரியாமல் நிறையத் தின்றுவிட்டது, இன்னும் எழுந்து நிற்கிறது என்றால், தானியத்தை நிறுத்தி வைக்கோல் மட்டும் போட்டு, 50 முதல் 100 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் வைத்துக் குடிக்க விடுங்கள், உடனே மருத்துவரையும் அழையுங்கள். படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

இதரச் சத்து மட்டும் குறைவு என்றால் கதை வேறு. மாட்டுக்கு வயிறாரத் தீனி இல்லை, அல்லது வெளித்தெரியாத மடிநோய் இருக்கிறது. அங்கேதான் தீவனத்தைக் கூட்டுவது சரியான வைத்தியம்.

"எல்லாம் போடறோம், மாடு தேறவே மாட்டேங்குது"

போடுவது எவ்வளவு என்று கேட்டால் "கட்டுக் கட்டாப் புல்லு, தொட்டி நிறையத் தண்ணி" என்று பதில் வரும். இதில் தண்ணீரைக் கழித்தால் மீதி எவ்வளவு? 450 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு, ஈரம் நீக்கிய கணக்கில் ஒரு நாளைக்கு எடையில் 3 சதவீதம், அதாவது 13, 14 கிலோ தீனி வேண்டும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் 25 கிலோ போட்டாலும் அதில் உலர்ந்த பொருள் நாலரை கிலோதான். மழைக்காலத்து இளம்புல்லில் இன்னும் குறைவு. வைக்கோல் 5 கிலோவில் நாலரை, கலப்புத் தீவனம் 5 கிலோவில் நாலரை, மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு நிறைகிறது. கலப்புத் தீவனத்தை, உடல் பராமரிப்புக்கு ஒரு கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. தாது உப்புக் கலவை தினம் 30 முதல் 50 கிராம், சாதா உப்பு 30 கிராம்.

சிங்கப்பூரில் மேய்ச்சல் நிலம் இல்லாததால் இந்த ஈரக் கணக்கு இங்கே இன்னும் முக்கியம். சோயாப் பால் ஆலைகளில் மிஞ்சும் சக்கையும் பியர் ஆலைச் சக்கையும் நல்ல புரதம் உள்ளவை, மாடு ஆசையாகத் தின்னும். ஆனால் இரண்டிலும் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பத்துக் கிலோ வாளியைக் கவிழ்த்தால் மாட்டுக்குப் போய்ச் சேருவது இரண்டு இரண்டரை கிலோ. காலையில் வந்த சோயாச் சக்கை நம் வெக்கையில் மாலைக்குள் புளித்துவிடும். வெள்ளைப் பூஞ்சை கண்ணில் பட்டால், மேலே வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடுகிற பழக்கம் வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள். ஊரில் கடலைப் புண்ணாக்குக்கும் இதே விதிதான். பூஞ்சை பிடித்த புண்ணாக்கிலுள்ள அஃப்லாடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுத்துப் பாலிலும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது.

அளவு சரியாக இருந்தும் மாடு மெலிந்தால் குடற்புழு மருந்து எப்போது கொடுத்தது என்று கேளுங்கள், சாணியைக் கால்நடை மருந்தகத்தில் சோதித்த பிறகு கொடுப்பது நல்லது.

"கன்னு போட்டு ஒரு மாசம் ஆச்சு, பால் ஏறவே இல்லை"

ஈன்ற 6 முதல் 8 வாரத்தில் பால் உச்சம் தொட வேண்டும். உச்சத்தில் ஒரு லிட்டர் குறைந்தால் அந்த ஈத்து முழுவதிலும் சுமார் 200 லிட்டர் குறையும். அதனால் இந்தக் குறையை மட்டும் ஒத்திப்போடாதீர்கள்.

காரணம் பெரும்பாலும் ஈனுவதற்கு முன்பே இருக்கும். சினையின் கடைசி 60 நாள் பாலை வற்றவிட்டார்களா? ஈனும்வரை கறந்த மாட்டின் மடி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே இல்லை. அந்த இரண்டு மாதம் "பால்தான் இல்லையே" என்று தீவனத்தை நிறுத்திவிட்டார்களா? அல்லது கொழுக்க வைத்தார்களா? கொழுத்த மாடு ஈன்றதும் தீனி எடுக்காமல் தன் கொழுப்பையே கரைக்கும். தவிடு, தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் கடிப்பது, வேகமாக மெலிவது, மூச்சில் ஒரு பழ வாசனை, இவை சேர்ந்து வந்தால் கீட்டோசிஸ். மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றினால் தேறும்.

ஈன்ற மூன்று நாளுக்குள் மாடு எழ முடியாமல், காது சில்லிட்டு, கழுத்தை விலாவில் மடக்கிப் படுத்திருந்தால் அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் இருக்கும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிப்போன நிலை அது. மூன்றாம் ஈத்துக்கு மேல், அதுவும் ஜெர்சிக்கு, அதிகம் வரும். இது சில மணி நேர விஷயம். மருத்துவர் வரும்வரை மாட்டை நெஞ்சில் உட்கார்ந்தபடி வைக்கோல் மூட்டை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள், ஒருக்களித்துச் சாயவிடாதீர்கள். கால்சியம் ஊசியைத் தெரிந்தவர்தான் நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

"வெயில் ஆரம்பிச்சதிலேர்ந்து இறங்குது"

வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்து ஓர் எண்ணாகக் கணக்கிடுவார்கள். அந்த எண் 72-ஐத் தாண்டினால் கறவை மாடு சிரமப்படத் தொடங்கும். சிங்கப்பூரில் 30 டிகிரி, 80 சதவீத ஈரம் என்றால் அந்த எண் 83. இரவில் 25 டிகிரிக்கு இறங்கினாலும் ஈரம் 95 சதவீதம் இருந்தால் 76. அதாவது இங்கே மாட்டுக்கு இரவும் ஓய்வில்லை. ஊரில் மே மாதப் பகலில் 40 டிகிரி, 30 சதவீத ஈரம் என்றால் 86. எண்கள் பக்கத்தில் இருந்தாலும் வைத்தியம் வேறு. காய்ந்த காற்றில் பனிபோலத் தண்ணீர் தெளித்தால் காற்றே குளிரும். இங்கே அப்படித் தெளித்தால் ஈரம்தான் கூடும், மயிர்நுனியில் துளிகள் நிற்கும், தோல் சூடாகவே இருக்கும். பெரிய துளியாக, தோல்வரை நனைய ஓரிரு நிமிடம் ஊற்றி, பிறகு பெரிய விசிறியைப் போட்டுக் காயவிட்டு, கால் மணி நேரத்தில் திரும்பவும் நனைக்க வேண்டும். விசிறி இல்லாமல் நனைப்பதில் பயன் குறைவு.

1930களிலேயே புக்கிட் தீமா பக்கம் கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனம் ஃப்ரீசியன் மாடுகளை வளர்த்தது. அங்கிருந்த கொட்டகை ஒன்று இன்றும் டைரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் வாலஸ் கல்வி நிலையமாக நிற்கிறது.  குளிர்நாட்டு மாட்டையும் நம் வெக்கையில் கறக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

வீடியோவில் பார்க்க வேண்டியது விலா. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 60 மூச்சுக்கு மேல் போனால் வெப்பம் தாங்கவில்லை, வாய் திறந்து எச்சில் ஒழுகினால் ஆபத்து. வெப்பம் தாக்கிய அன்றே பால் குறையாது, ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் "இன்னிக்கு வெயிலே இல்லையே" என்று ஏமாறாதீர்கள். தீனியின் பெரும்பகுதியைப் பொழுது சாய்ந்த பிறகும் விடியற்காலையிலும் போடச் சொல்லுங்கள். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று பரப்பினால் போதும், பெரிய செலவில்லை.

"பால்ல வாடை வருது"

வெங்காயத்தாள், ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசும்புல்), முட்டைக்கோசுக் கழிவு எதுவானாலும் கறந்த பிறகு போடுங்கள், கறப்பதற்கு முந்தைய சில மணி நேரத்தில் வேண்டாம். அப்படியும் வாடை போகவில்லை என்றால் பாத்திரத்தையும், கறவை இயந்திரம் இருந்தால் அதன் ரப்பர் உறையையும் பாருங்கள். வெடித்த ரப்பரை எவ்வளவு கழுவினாலும் சுத்தமாகாது.

"மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது"

உச்சம் தாண்டிய மாடு மாதம் 8 முதல் 10 சதவீதம் குறைவது இயற்கை. இதற்கு எதையும் வாங்க வேண்டாம். தீவனத்தை உச்சத்தில் போட்ட அளவிலேயே தொடர்ந்தால் காசு வீண், மாடும் கொழுக்கும், அடுத்த ஈத்தில் கீட்டோசிஸ் வரும். குறைந்த பாலுக்கு ஏற்பத் தீவனத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம், வைக்கோலையும் புல்லையும் குறைக்கக் கூடாது.

இந்த அழைப்பில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சினை நின்றதா? ஈன்று 60 முதல் 90 நாளுக்குள் ஊசி போட்டிருந்தால்தான் பதின்மூன்று மாதத்துக்குள் அடுத்த கன்று வரும். பருவம் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் வெளிப்படும், பகலில் மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவார்கள். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி. போட்ட தேதியை மாட்டுக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவைத்து, அதைப் படம் எடுத்து உங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். இருபத்தோராம் நாள் நீங்களே கூப்பிட்டு, மாடு திரும்பவும் கத்துகிறதா என்று கேட்டுவிடலாம்.